ஆலிசு கதையைத் தழுவிய அரசியல் எள்ளல் நூல்கள்

இலூயி கரோல் என்னும் புனைபெயருடைய சார்லசு தாட்சன் 1865-இல் வெளியிட்ட ‘அற்புத உலகில் ஆலிசு’ சிறுவர்க்கென எழுந்த நூலாகும். எனினும், ஆங்கில அரசியலாரை எள்ளுதற்கு அதனையே பிற்காலத்தார் கருவியாகக் கொண்டனர். அவ்வாறு எழுந்த போலி நூல்களைத் தொகுத்தல் வெறும் பொழுதுபோக்கோ, ஆராய்ச்சிப் பணியோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இந்நூல் எள்ளலுக்கு இடமாயினமைக்குக் காரணங்கள் இரண்டு. கரோலின் பாடல்களுட் சில, வாட்சு, சதே முதலியோரின் அறப்பாடல்களை நகையாடிப் பிறந்தவை. அன்றியும், இதற்குப் படம் வரைந்த தென்னியல், ‘பஞ்ச்’ இதழின் அரசியற் கேலிச்சித்திரக்காரர் ஆவார்.

போயர் போரின்போது (1899-1902), ‘சாகி’ எனப்பட்ட எக்டர் இயூ மன்றோ, ‘வெஸ்ட்மின்ஸ்டர் கெசட்’ இதழில் எழுதியவை 1902-இல் ‘வெஸ்ட்மின்ஸ்டர் ஆலிசு’ என நூலாயின. கரதர்சு கூல்டு தென்னியலைப் பின்பற்றி அதற்குப் படம் வரைந்தார். அவ்வாண்டிலேயே மூவர் கூடிக் ‘கரோலைன் லூயிசு’ என்னும் பெயரால் ‘கிளாரா இன் பிளண்டர்லாந்து’ நூலை வெளியிட்டனர். சுங்கவரிப் பூசல் மூண்ட காலத்தில், 1904-இல், சான் புல் அற்புத உலகு புகுந்தான். 1939-இல் இட்லரும் புகுந்தார்.

இவற்றை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். சாகியின் நூலில் ஆலிசு ஏதுமறியாச் சிறுமியாகவே நின்று, ஆள்வோரை வினவுகின்றாள். 1904-ஆம் ஆண்டு நூலில் அவளிடத்தை நாட்டு மக்களின் உருவகமாகிய சான் புல் பெறுகின்றான். கிளாராவோ, 1902-இல் தலைமையமைச்சரான ஆர்தர் பால்பரே. இட்லரும் அவ்வாறே குழந்தையின் இடத்தில் நிறுத்தப்பெறுகின்றார். காண்பவர், துன்புறுபவர், ஆள்பவர் என ஆலிசின் இடம் மும்முறையாக அமைதலை, தனி நூலொன்றைக் கற்பார் அறிதல் அரிது.

மொழியைக் கரந்து பழித்தலைத் தொல்காப்பியர் பழிகரப்பு என்பர். அங்ஙனம் மறைந்த பெயரை அக்காலத்தார் படத்தின் முகங்கண்டே உணர்ந்தனர். ஆதலின், படத்தை நீக்கிப் பாடத்தை மட்டும் பதிப்பித்தல் சான்றினை அழிப்பதாகும். இதழில் வந்த நாளும் படமும் பாடமும் பிரியாது காக்கப்பெறின், இன்று நகையிழந்து நிற்கும் இந்நூல்கள் வரலாற்றுச் சான்றாய் நிலைபெறும் என்பது எம் துணிபு.