பழவேற்காட்டில் பனிக்கட்டி



பழவேற்காடு என்றவுடன் வரலாறு பயில்வோர் நெஞ்சில் டச்சுக்காரர்தாம் முதலில் தோன்றுவர். 1613-ஆம் ஆண்டில் அவர்கள் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்துக்கு இவ்வூரே தலைமையிடமாக விளங்கிற்று. இன்று கோட்டை மண்மேடாகிவிட்டது. எலும்புக்கூடு செதுக்கிய நுழைவாயிலையுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் அந்நாளைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அக்கல்லறைகளைக் காணவே நானும் ஒருநாள் சென்றேன். ஆயினும் அன்று நான் கற்ற வரலாறு கல்லில் எழுதியதன்று, பனிக்கட்டியில் எழுதியது. அதனையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவனுடைய வீடு இருக்கிறது. தேநீர் அருந்த அழைத்துச் சென்றான். அவன் தாயார் ஏரி இறாலை வாங்கிப் பொன்னேரிச் சந்தையில் விற்பவர். மகளிர் குழுவில் கடன் பெற்று ஒரு குளிர்ப்பதனப் பெட்டி வாங்கியிருந்தார். உறைபனி படியாத வகை என்று சொல்லி விற்ற பெட்டி அது. அதன் மேற்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே பின்சுவர் முழுவதும் வெள்ளை வெளேரென்று பனி அப்பிக் கிடந்தது.

"பனியே புடிக்காதுன்னு சொல்லித்தான் சார் குடுத்தாங்க. பத்து நாளைக்கு ஒருக்கா இப்படிச் சுவரு மாதிரி ஏறிடுது. கீழ வெச்ச எறா ரெண்டு தடவ கெட்டுப்போச்சு. ரிப்பேர்காரரு வராரு, கரைக்கிறாரு, காசு வாங்கிட்டுப் போறாரு. பனி மட்டும் திரும்பி வந்துடுது" என்றார்.

பழுது பார்ப்பது என் தொழிலன்று. ஆயினும், திரும்பத் திரும்ப நிகழும் ஒன்றைக் கண்டால், "இதற்குக் காரணம் யாது?" என்று வினவுவது வரலாற்று ஆசிரியனின் வழக்கம் அன்றோ? அவ்வினாவுக்கு விடை தேடும்போது என் நினைவு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது.

நம் நாட்டின் வடபகுதியில், குளிர்கால இரவுகளில் அகன்ற மண்தட்டுகளில் நீரை வைத்து மெல்லிய பனித்தகடு எடுக்கும் வழக்கம் முன்பே உண்டு. சென்னைக் கரைக்கோ அந்தக் குளிரும் இல்லை. வானிலிருந்து விழும் ஆலங்கட்டியையன்றி வேறு பனிக்கட்டியை நம் முன்னோர் கண்டதில்லை. அதனை இங்கே கொண்டுவந்தவன் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகன் பிரெடரிக் டியூடர். குளங்கள் குளிர்காலத்தில் உறைந்து கிடப்பதைக் கண்டு, "வெப்பநாட்டார்க்கு இதனை விற்றால் என்ன?" என்று எண்ணினான். 1806-இல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்கு முதற்கப்பலை அனுப்பினான். ஊரார் நகைத்தனர். பொருள் நட்டமாயிற்று, கடனுக்காகச் சிறைக்கும் சென்றான். எனினும் அவன் முயற்சியைக் கைவிடவில்லை. 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவனுடைய 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் பயணம் செய்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது.

இஃது எவ்வாறு இயன்றது? டியூடர் பன்னாள் பட்டறிந்து கண்ட விதிகள் எளியவை. முதலாவது, வெளிக்காற்றைப் புகவிடாதே. பனிப்பாளங்களை நெருக்கமாக அடுக்கி, இடைவெளியை மரத்தூளால் அடை. இரண்டாவது, உருகிய நீரைத் தேங்கவிடாதே. அதற்கு வடிகால் வகு. மூன்றாவது, வெப்பம் ஊடுருவாதவாறு சுவரை இரட்டைச் சுவராகக் கட்டு. இவ்விதிகளின்படியே கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. சென்னையில் 1842-ஐ ஒட்டிக் கடற்கரையில் எழுந்த கட்டடமே 'ஐஸ் ஹவுஸ்'. தோரோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் வாழ்ந்த வால்டன் குளத்திலும் டியூடரின் ஆட்கள் பனி வெட்டினர். அக்குளத்து நீர் சென்னை மக்களின் தாகத்தையும் தணிக்கும் என்று அவர் 1854-இல் வெளிவந்த தம் நூலில் வியந்தார்.

ஆனால் மாணவர்களே, அந்தப் பனிக்கட்டி யாருடைய தாகத்தைத் தணித்தது? வெள்ளையர் விருந்துகளுக்கும் செல்வர் மாளிகைகளுக்குமே அது சென்றது. அதே கடற்கரையில் மீன் பிடித்த பரதவர்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் உப்பையும் வெயிலையுமே நம்பினர். விற்றது போக எஞ்சிய மீன் கருவாடாயிற்று. 1870-களில் இயந்திரப் பனிக்கட்டி சென்னையிலேயே கிடைக்கத் தொடங்கவே, கப்பல் பனிக்கட்டியின் வாணிகம் படுத்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞரின் கைக்கு வந்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-இல் அது விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. பழைய பெயரோ இன்றும் அப்பகுதி மக்களின் நாவில் வாழ்கிறது.

பனிக்கட்டி மீனவர் வாழ்வில் புகுந்தது இருபதாம் நூற்றாண்டில். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் ஓர் ஒப்பந்தம் செய்து, கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் மீன்வளத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அமெரிக்கக் குளத்துப் பனி இந்தியாவுக்கு வந்த காலம் போய், இந்திய இறால் பனியில் பொதிந்து அமெரிக்காவுக்குச் சென்ற காலம் பிறந்தது! முன்னாளில் மலிவாக விற்ற இறால் பொன்போல் மதிப்புப் பெற்றது. பழவேற்காட்டு வெள்ளை இறாலுக்கும் வரி இறாலுக்கும் தொலைதூரத்திலிருந்து வணிகர் வந்தனர்.

இங்கே இவ்வூராரின் அறிவுடைமை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஏரியில் இறால் மிகுந்து கிடைக்கும் இடங்கள் சிலவே. வலியவன் அவற்றைக் கைப்பற்றிவிடாமல் இருக்க, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் 'பாடு' என்னும் முறையை வகுத்துள்ளனர். சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்து மாற்றிக்கொள்வர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை அதனை அடுத்தவனுக்கு விடுவான். உலகின் பல நாட்டு ஆய்வாளரும் இம்முறையை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

நீரைப் பங்கிட முறை வகுத்தாயிற்று. பனிக்கட்டியைப் பங்கிட முறை வகுத்தார் யார்? "எறாவ எடுத்துக்கிட்டுக் கரைக்கு வந்தா, ஐஸ் பெட்டி வெச்சிருக்கிறவரு சொல்றதுதான் சார் வெல. மத்தியானம் வரைக்கும் கையில வெச்சிருந்தா தல கறுத்துப்போவும். அப்புறம் யாரு வாங்குவாங்க?" என்று அந்த அம்மையார் கேட்டார். இறாலின் விலையை இறால் மட்டும் உறுதி செய்வதில்லை. காத்திருக்கும் ஆற்றலே உறுதி செய்கிறது. ஒருநாள் காத்திருக்க முடிந்தவன் விலை பேசுகிறான். முடியாதவன் விலையைக் கேட்டுக்கொள்கிறான். அந்த ஒருநாளைத் தமக்கென்று பெறவே அவர் கடன்பட்டு அப்பெட்டியை வாங்கினார். ஆகவே அப்பெட்டியில் ஏறிய பனி வெறும் பனியன்று. அவருடைய உரிமையின்மேல் படிந்த பனி.

இனி அப்பெட்டிக்கு வருவோம். பழைய குளிர்ப்பெட்டிகளில் பனி படிவது இயல்பு. மாதம் ஒருமுறை நிறுத்திக் கரைப்பார்கள். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் தானே பனி நீக்கிக்கொள்ளும் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இவற்றில் குளிர்விக்கும் குழாய்ச்சுருள் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். ஒரு சிறு விசிறி அதன்மேல் காற்றைச் செலுத்தும். காற்றிலுள்ள ஈரம் சுருளின்மேல் பனியாகப் படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மின்வெப்பக் கம்பி சில நிமிடங்கள் சூடேறி அப்பனியை உருக்கும். உருகிய நீர் ஒரு துளை வழியே இறங்கி, அடித்தட்டில் விழுந்து ஆவியாகும். பனி படியவில்லை என்பதன்று இதன் பொருள். படிந்த பனி நாள்தோறும் நீக்கப்படுகிறது என்பதே பொருள்.

அப்பனி நீங்காவிடின் என்ன கேடு? பனி குளிர்ச்சியுடையதாயினும் குளிரைக் கடத்தவல்லதன்று. துருவநாட்டார் பனியாலேயே குடில் கட்டி உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதுபோலச் சுருளின்மேல் தடித்த பனி ஒரு போர்வையாகிவிடுகிறது. காற்றின் வழியையும் அடைக்கிறது. மேலே பனி மலையாக ஏற, கீழே இறால் வெதும்பிக் கெடுகிறது.

டியூடரின் விதிகளை நினைந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலாவது காற்று. பழவேற்காட்டின் உப்பங்காற்று ஈரம் மிக்கது; கதவின் ரப்பர் விளிம்பு தளர்ந்தால் அக்காற்று இடையறாது உட்புகும். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். நான்கு பக்கமும் இறுகப் பற்றியது. மேலும், காற்று புகுமாயின் கதவோரத்திலும் பனி தோன்றியிருக்கும், அங்கே இல்லை. இரண்டாவது வடிகால். துளை அடைபட்டிருந்தால் நீர் அடித்தளத்தில் தேங்கிப் பாளமாக உறையும், அடித்தளமோ உலர்ந்திருந்தது. பனி பின்சுவர் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருந்தது. எனவே எஞ்சியது மூன்றாவது, வெப்பம். டியூடர் வெப்பத்தை அஞ்சினான். இப்பெட்டியோ சில நிமிட வெப்பம் கிடைக்காமையால் நோயுற்றது!

பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து முழுதும் கரையவிட்டோம். கத்தியால் சுரண்ட மாணவன் முனைந்தபோது தடுத்தேன். கத்தி சுருளில் பட்டால் வளிமம் வெளியேறிப் பெட்டியே வீணாகும். மறுநாள் பொன்னேரியிலிருந்து வந்த தொழிலாளர், மின் இணைப்பை நீக்கிவிட்டு, வெப்பக் கம்பியை மீட்டர் வைத்துச் சோதித்தார். கம்பி அறுந்திருந்தது. அதனை ஏவும் வெப்ப உணரியும் அதற்கு நேரம் குறிக்கும் கருவியும் நன்றாகவே இருந்தன. புதிய கம்பி பொருத்தப்பட்டது. முன்பு வந்தவர் இருமுறையும் பனியைக் கரைத்தாரேயன்றி, அது ஏன் வந்தது என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மாணவன் தொலைபேசியில் பேசினான். பனி திரும்பவில்லை. ஒருநாள் கரையில் விலை மிகக் குறைவாகக் கேட்டபோது, அவன் தாயார், "இன்னிக்கு வேணாம்பா, நாளைக்குப் பாத்துக்கறேன்" என்று சொல்லி இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாராம். இதைச் சொன்னபோது அவன் குரலில் பெருமிதம் இருந்தது.

ஒரு வீட்டுப் பெட்டியில் சில கிலோ இறாலே அடங்கும். ஒரு குப்பத்தின் மீன்பாடு முழுவதும் அதில் அடங்காது. ஏரியைப் பாடு வகுத்துப் பங்கிட்ட அறிவு, ஒருநாள் பனிக்கட்டியையும் பங்கிட வழி காணுமாயின், அதனை எழுத ஒரு வரலாற்று ஆசிரியன் வேண்டும். அவன் உங்களுள் ஒருவனாக, அல்லது ஒருத்தியாக, இருத்தல் கூடும். அன்று பழவேற்காட்டுக்குச் செல்லும்போது கல்லறைகளைக் காணுங்கள், காண வேண்டியவையே. கண்டபின், கரையில் கூடையுடன் நிற்போரிடமும் சற்று நின்று பேசுங்கள்.