தாத்தா படத்துக்குக் கண்ணாடி போட்ட கதை

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

 

என் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையில இருந்து சேலம் போற ரோட்டுல வரும், இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம். பேர்லயே கோட்டை இருக்கு, அதனால இன்னைக்கு ராஜா, பீரங்கி, முற்றுகைனு ஆரம்பிப்பேன்னு நினைச்சிருப்பீங்க. அது எதுவும் இல்ல. சுவத்துல மாட்டுற போட்டோவுக்கு பிரேம் போடுற வரலாறு பத்திப் பேசப் போறோம். சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். எங்க வீட்டுல அது சின்ன விஷயமா இருக்கல.

எங்க தாத்தாவுக்கு மொத்தமே ஒரு போட்டோதான். 1967-ல டவுன் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கிட்டது. நாற்காலியில உக்காந்திருப்பாரு, பக்கத்து ஸ்டூல்ல பிளாஸ்டிக் பூ, கையில இரவல் வாட்ச். 1974-ல அவர் இறந்துட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் படம் தாழ்வாரத்துல, ஓட்டுக்குக் கீழ, முன்பக்கம் லேசா சாஞ்சபடி தொங்கிட்டே இருந்துச்சு. போன ஐப்பசி மழைக்கு ஊருக்குப் போனப்போ ஆயா சொன்னாங்க: "கண்ணாடிய மாத்திக் குடுப்பா, அவரு மூஞ்சியே தெரியல."

சென்னைக்கு எடுத்துட்டு வந்து பின்பக்க அட்டையைக் கழட்டினேன். உள்ள இருந்த காகிதம் பழுப்பேறிப் பொடிப்பொடியா கொட்டுச்சு. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருந்துச்சு. தாத்தாவோட இடது கன்னமும் தோளும் கண்ணாடியோடயே ஒட்டியிருந்துச்சு. இழுத்தா படம் பிஞ்சு வரும். இழுக்காம விட்டா கண்ணாடிய மாத்த முடியாது.

இந்த நிலைமை எப்படி வந்துச்சுனு தேடினதுதான் இந்த எபிசோட்.

முதல் போட்டோவுக்கு பிரேம் அலங்காரம் இல்ல

1839-ல பாரிஸ்ல அறிவிச்ச டாகெரோடைப்புல இருந்து ஆரம்பிப்போம். அது காகிதம் கிடையாது. வெள்ளி பூசின செம்புத் தகட்டுல விழுந்த படம். விரலால தொட்டா படம் அழிஞ்சிடும், காத்து பட்டா வெள்ளி கறுத்திடும். அதனால மேல கண்ணாடி போட்டு, ஓரத்தை ஒட்டி மூடி, சின்னப் பெட்டிக்குள்ள வெச்சுதான் குடுத்தாங்க. கண்ணாடி தகட்டைத் தொடக் கூடாதுனு நடுவுல ஒரு பித்தளைச் சட்டம் வரும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில இடைவெளி வேணும்ங்கிற புத்தி போட்டோ பிறந்தப்பவே இருந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1850-ல முட்டையோட வெள்ளைக்கருவைப் பூசின அல்புமன் பேப்பர் வந்துச்சு. படம் நல்லாத் தெளிவா விழும், ஆனா பேப்பர் ரொம்ப மெல்லிசு. சும்மா விட்டா சுருண்டுக்கும். அதனால கெட்டி அட்டையில ஒட்டியே ஆகணும். மவுண்ட் பண்றதுங்கிற வேலை தனியா ஒரு தொழிலாச்சு. 1854-ல திஸ்தேரி பாரிஸ்ல காப்புரிமை வாங்கின விசிட்டிங் கார்டு சைஸ் படம் இப்படி அட்டையில ஒட்டினதுதான். அட்டையிலயே ஸ்டுடியோ பேரை அச்சடிச்சுக் குடுத்தாங்க. வீட்டுல பழைய ஆல்பம் இருந்தா படத்துக்குக் கீழ பாருங்க, ஸ்டுடியோ பேரும் ஊரும் இருக்கும். பல குடும்பங்களுக்கு அந்தப் படம் எங்க எடுத்ததுங்கிறதுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்த அட்டைதான். அசிங்கமா இருக்குனு வெட்டி எறிஞ்சா ஆதாரமும் சேர்ந்து போயிடும்.

தஞ்சாவூர்ல ஒரு 19 அடி படம்

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1856-ல லின்னேயஸ் டிரைப்ங்கிற ராணுவ அதிகாரியை மதராஸ் மாகாண அரசு தன்னோட போட்டோகிராபரா நியமிச்சுது. 1857-58-ல அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுத்திப் படம் எடுத்தாரு. பிரிண்ட் வெளுத்துப் போகாம இருக்கத் தங்க உப்புக் கரைசல்ல டோன் பண்ணாரு. சுத்தி வெள்ளை ஓரம் விட்டு அட்டையில ஒட்டி, ஆல்பமா வெளியிட்டாரு.

தஞ்சாவூர் பெரிய கோயில்ல அவருக்கு ஒரு சிக்கல் வந்துச்சு. விமானத்தோட அடித்தளத்தைச் சுத்திக் கல்வெட்டு நீளமா ஓடுது, அது ஒரு பிரேமுக்குள்ள அடங்காது. அதனால 21 படத்தைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளா ஆக்கினாரு. கல்வெட்டைப் படிக்கணும்னா சுவர் ஓரமா நடந்துக்கிட்டே படிக்கணும் இல்லையா? அந்தச் சுருளையும் அப்படித்தான் பிரிச்சுக்கிட்டே படிக்கணும். என்னைக் கேட்டா, மவுண்ட் பண்றதுன்னா என்னனு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பொருளுக்கு எது தேவையோ அதைத்தான் அவர் செஞ்சாரு.

1859-ல கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம்னு சொல்லி வேலையை நிறுத்திட்டாரு. படங்கள் மட்டும் இன்னைக்கும் தெளிவா இருக்கு.

சாமி படமும் போட்டோவும் ஒண்ணு இல்ல

இப்போ தாத்தா கன்னத்துக்கு வருவோம்.

1894-ல ரவிவர்மா பம்பாயில அச்சகம் ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் அச்சடிச்ச சாமி படங்கள் சாதாரண வீடுகளுக்கும் வந்துச்சு. எங்க ஊர்ப் பக்கம் பிரேம் கடைன்னா, முதல்ல சாமி படத்துக்குக் கண்ணாடி போடுற கடைதான். வேலை எளிமை: கண்ணாடி, அதை ஒட்டியே படம், பின்னால அட்டை, நாலு சின்ன ஆணி, மேல பேப்பர். அச்சடிச்ச படத்துக்கு இது போதும். அச்சு மை காஞ்சா காஞ்சதுதான்.

தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளை போட்டோ வேற ஜாதி. அதுல படம் நிக்கிறது ஜெலட்டின்ங்கிற படலத்துல. மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்குற பசை அது. ஈரம் பட்டா உப்பிப் பிசுபிசுக்கும், கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு இருந்தா அப்படியே ஒட்டிக் காஞ்சிடும். மழைக்கு மழை இது நடக்கும். கடைக்காரர் மேல தப்பில்லனுதான் நினைக்கிறேன். முருகனுக்குப் போட்ட மாதிரியே தாத்தாவுக்கும் போட்டிருக்காரு. பித்தளைச் சட்டம் சொல்லிக் குடுத்த பாடம் மட்டும் நடுவுல எங்கயோ விட்டுப் போச்சு.

சென்னையில எனக்குக் காட்டின வழிகள்

ஒரு கடையில நாலு வழி சொன்னாங்க. முதல் வழி, லேமினேஷன். சூடு, பிளாஸ்டிக், திரும்பப் பிரிக்கவே முடியாது. ரெண்டாவது, புது அட்டையில முழுசா ஒட்டிடுறது. இதுலயும் திரும்பி வர வழி இல்ல.

மூணாவதைக் கேட்டப்போ எனக்கே ஆசை வந்துச்சு. படத்தோட முகத்தையே அக்ரிலிக்ல ஒட்டுறது. 1960-களோட கடைசியில ஐரோப்பாவுல டியாசெக்ங்கிற பேர்ல அறிமுகமானது. ஆந்திரேயாஸ் குர்ஸ்கியோட ரைன் நதிப் படம் 2011-ல 43 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சே, அது அக்ரிலிக்ல மவுண்ட் பண்ணினதுதான். கலர் பளபளனு ஆழமாத் தெரியும். ஆனா கீறல் விழுந்தா கழட்டி மாத்த முடியாது. புது பிரிண்டுன்னா இன்னொண்ணு போட்டுக்கலாம். இருக்கிறதே ஒண்ணுன்னா?

நாலாவது, மவுண்ட் போர்டுல ஜன்னல் மாதிரி வெட்டி அதுக்குப் பின்னால படத்தை வைக்கிறது. படம் கண்ணாடியைத் தொடாது. மூலைகள்ல காகிதக் கொக்கி மட்டும், பசை படத்துமேல படாது. எப்ப வேணும்னாலும் கழட்டலாம். ஆசிட் இல்லாத பருத்தி போர்டா இருக்கணும். சாதா மரக்கூழ் அட்டைன்னா சில வருஷத்துலயே பழுப்பேறி, அந்தப் பழுப்பு படத்துலயும் இறங்கும்.

ஒட்டின கன்னத்தை இழுக்க வேணாம்னு முடிவு பண்ணேன். கண்ணாடியோடயே, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில லைட் வெச்சு, கேமராவுல நகல் எடுத்தோம். நகலைப் பருத்திப் பேப்பர்ல பிக்மென்ட் இங்க்ல பிரிண்ட் போட்டோம். அசலைக் கண்ணாடியோட சேர்த்து ஆசிட் இல்லாத பெட்டியில படுக்க வெச்சாச்சு.

ஆயாவோட தீர்ப்பு

நகலுக்கு அகலமா வெள்ளை மவுண்ட் வெச்சு, மெல்லிசு கறுப்பு பிரேம் போட்டு, கண்காட்சியில மாட்டுற மாதிரி ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். ஆயா ரொம்ப நேரம் பாத்தாங்க.

"ஏன்பா சுத்தி இவ்ளோ வெள்ள? அவரு எங்கியோ தூரத்துல குந்திக்கினு இருக்காப்ல இருக்கு. பழைய சட்டம் எங்க?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. கேலரியில கண்ணாடி கண்ணுக்கே தெரியாம இருக்கணும். எங்க வீட்டுல கண்ணாடிக்குத்தான் வேலையே. அமாவாசைக்கு அமாவாசை ஆயா சந்தனம், குங்குமம் வைக்கிறது அதுலதான். மாலை தொங்குறது அந்த மரச்சட்டத்துலதான். ஐம்பது வருஷமா அவங்க தொட்டுக்கிட்டு இருந்த பொருளை நான் சென்னையில ஒரு மூலையில போட்டு வெச்சிருந்தேன்.

திரும்பப் போய் அந்தச் சட்டத்தையே துடைச்சுச் சரி பண்ணேன். வெள்ளை ஓரம் வேணாம். ஆனா இடைவெளி வேணும். அதுக்கு ஸ்பேசர்னு ஒண்ணு இருக்கு, சட்டத்தோட விளிம்புக்கு உள்ள மறைஞ்சு நிக்கிற மெல்லிசுப் பட்டை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல கொஞ்சம் காத்து நிக்கும், வெளிய எதுவும் தெரியாது. தாத்தா சட்டம் நிறைய, பழையபடி பக்கத்துல வந்து உக்காந்துட்டாரு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு படம் இருக்கும். பின்பக்கம் பழுப்பேறியிருந்தா உடனே பிரிக்காதீங்க. முதல்ல சுவத்துல இருக்கும்போதே மொபைல்ல ஒரு நல்ல படம் எடுத்துக்கோங்க. கண்ணாடியோட ஒட்டியிருந்தா இழுக்காதீங்க. வெயில் படுற சுவர்லயும், ஈரம் கசியுற சுவர்லயும் மாட்டாதீங்க. யூவி கண்ணாடி நல்லதுதான், ஆனா வெளிச்சத்தோட பாதிப்பை முழுசா தடுக்காது. கடையில எதைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதைத் திரும்பக் கழட்ட முடியுமா?"

இப்போ அந்தப் படம் தாழ்வாரத்துல இல்ல, மழைச் சாரல் படாத உள்சுவத்துல இருக்கு. ஆணி அடிச்சு மாட்டினதும் ஆயா பக்கத்துல போய்ப் பாத்தாங்க. விரல்ல குங்குமம் தொட்டு, கண்ணாடியில, நெத்திக்கு நேரா வெச்சாங்க.

"இப்ப தெரியறாரு."