தஞ்சோங் கூப்பாங் துயரும் உற்றாரின் உரிமையும்

கோவலன் கொலையுண்ட செய்தியைக் கண்ணகிக்கு அறிவித்தவர் யார்? அரண்மனையார் அல்லர், காவலரும் அல்லர். ஊரில் எழுந்த ஆரவாரம் கேட்டு விரைந்து வந்த பெண்ணொருத்தி, சொல்லத் தயங்கி நின்று, பின்னரே சொன்னாள் எனச் சிலப்பதிகாரத்துத் துன்பமாலை காட்டுகிறது. ஓர் இறப்பின் காரணத்தை ஆராய்வது அரசின் கடமை. ஆராய்ந்ததை உற்றாருக்கு முறையாக உரைப்பதும் அதன் கடமையன்றோ? இவ்வினாவை ஜொகூர் மண்ணில் எழுப்பிய நிகழ்ச்சி 1977-ஆம் ஆண்டின் விமான விபத்தாகும்.

அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரவு, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமான நிறுவனத்தின் 653-ஆம் எண் விமானம் கடத்தப்பட்டது. சிங்கப்பூர் நோக்கித் திருப்பப்பட்ட அது, ஜொகூரின் தென்மேற்கிலுள்ள தஞ்சோங் கூப்பாங் சதுப்புநிலத்தில் வீழ்ந்து சிதறிற்று. பயணிகள் 93 பேரும் பணியாளர் 7 பேரும் ஆக நூற்றுவரும் மாண்டனர். மலேசிய விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமதுவும், ஜப்பானில் பணியாற்றிய கியூபாத் தூதரும் அவர்களுள் அடங்குவர்.

விமானிகள் இருவரும் சுடப்பட்டமையால் விமானத்தைச் செலுத்துவார் இல்லாமற் போயினர் என்பது ஆய்வாளர் கண்ட முடிபு. சுட்டவர் யார், எதன் பொருட்டு என்பன இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. உடல்களோ அடையாளம் காண இயலாவாறு சிதைந்திருந்தன. கிடைத்த எச்சங்கள் ஜொகூர் பாருவில், ஜாலான் கெபுன் தே பகுதியில், ஒரே இடத்தில் புதைக்கப்பட்டன. எரியூட்டிச் சாம்பல் கரைக்கும் மரபினர்க்கும், மண்ணில் அடக்கும் மரபினர்க்கும் கிட்டியது அப்பொதுக் கல்லறை ஒன்றே. நீத்தார் கடன் ஆற்ற உடலில்லை. நெஞ்சம் ஆற விடையில்லை.

இதற்கு அந்நாளைய அதிகாரிகளை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. விமான விபத்துகளை ஆராயும் முறைக்கு உலக நாடுகள் 1951-லேயே விதி வகுத்திருந்தன. எனினும் அவற்றின் நோக்கம், காரணம் கண்டு இனியொரு விபத்தைத் தடுப்பதே. உற்றாரைப் பேணும் ஏற்பாடு நெடுங்காலம் கழித்தே உருவாயிற்று. 1996-இல் அமெரிக்கா இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆய்வுச் செய்திகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுமுன் குடும்பத்தாருக்குக் கூறுதல், எச்சங்களை என்செய்வதென அவர்களைக் கலந்து முடிவு செய்தல், நினைவுச் சின்னம் பற்றியும் அவர்களைக் கேட்டல் ஆகியன அதன் கூறுகள். அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-இல் வழிகாட்டி நூலொன்றையும், 2013-இல் கொள்கை ஆவணமொன்றையும் வெளியிட்டது.

அடுத்த ஆண்டே மலேசியாவுக்கு மற்றுமொரு சோதனை வந்தது. 2014 மார்ச் 8-இல் 239 பேருடன் 370-ஆம் எண் விமானம் மறைந்தது. இனி எவரும் உயிருடன் இரார் என்ற செய்தி, அம்மாதம் 24-ஆம் நாள், குடும்பத்தார் சிலருக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவே சென்றடைந்தது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2018 ஜூலை 30-இல் ஆய்வறிக்கை வெளியானபோதோ, புத்ராஜெயாவில் குடும்பத்தாரை முதலில் அழைத்து விளக்கியபின்னரே செய்தியாளரைச் சந்தித்தனர். அவ்வறிக்கையும் விமானம் மறைந்த காரணத்தை அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும், விடை தெரியவில்லை என்பதையும் முதலிற் கேட்கும் உரிமை உற்றாருக்கே உரியது. தஞ்சோங் கூப்பாங்கில் மாண்டோர் குடும்பத்தாருக்கு எழுத்தில் இல்லாதிருந்த உரிமை இதுவே.