எரி நட்சத்திரத்தை வைத்து காற்றை அளக்க முடியுமா? பெரம்பலூர், அரியலூர் வானத்துக்கு மேலே நடப்பது என்ன?

விடியற்காலையில் வயலுக்குக் கிளம்பும் பெரம்பலூர், அரியலூர் மக்கள், வானத்தில் ஒரு வெளிச்சக் கீற்று ஓடி மறைவதைப் பார்த்திருப்பார்கள். 'எரி நட்சத்திரத்தைப் பார்த்தா உடனே பச்சை மரத்தைப் பாரு' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். விஞ்ஞானிகள் பார்ப்பதோ, அது விட்டுச்செல்லும் தடத்தை!

விழுவது நட்சத்திரமா?

இல்லை. பெரும்பாலும் மணல் துகள் அளவுள்ள விண்வெளித் தூசுதான். விநாடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் வந்து, சுமார் 70 - 110 கி.மீ. உயரத்தில் எரிகிறது. அப்போது மின்னேற்றம் பெற்ற ஒரு தடம் உருவாகும். பெரும்பாலான தடங்கள் ஒரு விநாடிகூட நீடிக்காது.

ரேடார் எப்படி அளக்கிறது?

தரையிலிருந்து அனுப்பப்படும் ரேடியோ அலை, அந்தத் தடத்தில் பட்டுத் திரும்புகிறது. தடத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போவதால், திரும்பும் அலையின் அதிர்வெண் லேசாக மாறும். அதிலிருந்து காற்றின் வேகமும் திசையும் கிடைக்கும். தடம் எவ்வளவு சீக்கிரம் கலைகிறது என்பதை வைத்து வெப்பநிலை கணக்கிடப்படுகிறது. பகல், இரவு, மேகமூட்டம் எதுவும் தடையில்லை. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடங்கள் பதிவாகும்.

விடியலில் ஏன் அதிகம்?

மழையில் ஓடும் பஸ்ஸின் முன் கண்ணாடியில்தான் அதிகத் துளிகள் விழும் இல்லையா? அதேபோல, சூரியனைச் சுற்றி ஓடும் பூமியின் முன்பக்கம் விடியல் பகுதிதான்.

நம்ம பக்கத்தில் எங்கே இருக்கிறது?

திருவனந்தபுரம் தும்பாவில் 2004 முதலும், திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் 2013 முதலும் விண்கல் ரேடார்கள் இயங்கத் தொடங்கின. நெல்லை அருகே கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் வேறு வகை ரேடாரால் 1990-களிலேயே இந்த உயரக் காற்றை அளக்கத் தொடங்கிவிட்டது. வரைபடத்தில் பார்த்தால், தெற்கே நெல்லைக்கும் வடக்கே திருப்பதிக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருப்பவைதான் பெரம்பலூரும் அரியலூரும்.

இதனால் என்ன பயன்?

வானிலை பலூன்கள் சுமார் 35 கி.மீ. வரைதான் போகும். செயற்கைக்கோளோ இவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துவிடும். இடையில் உள்ள இந்த அடுக்கை இரவு பகலாகக் கண்காணிக்க ரேடார் போன்ற தரைக் கருவிகள்தான் கைகொடுக்கின்றன.

இன்னொரு முக்கிய விஷயம். கார்பன் டை ஆக்சைடு அதிகரிப்பதால் தரையில் வெப்பம் கூடுகிறது. ஆனால் அதே வாயு, காற்று மெலிந்த அந்த உயரத்தில் வெப்பத்தை விண்வெளிக்குத் தள்ளிவிடுவதால் அங்கே குளிர்ச்சி கூடுகிறது. ஏற்கனவே அங்கே மைனஸ் 80 டிகிரி செல்சியஸைத் தொடும் குளிர். அந்த மெதுவான மாற்றத்தைப் பிடிக்க, ஆண்டுக்கணக்கில் விடாமல் அளக்க வேண்டும். அதற்குக் கைகொடுப்பது, நொடியில் எரிந்து மறையும் அந்தத் தூசுதான்.