கோர்வைக்கு ஆள் இல்லை

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி வைத்திருப்பவர்களிடம் பேசினால் தவறாமல் கேட்கும் குறை ஒன்று உண்டு: கோர்வைக்கு ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்களுக்கு உடல் வணங்கவில்லை, கைத்தொழிலில் மதிப்பில்லை என்று காரணமும் உடனே சொல்லப்பட்டுவிடும். வரலாறு காட்டும் காரணம் வேறு.

சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து, ஒன்றோடொன்று பிரியாமல் பிணைந்திருப்பதே கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் அமர்ந்து மிதியை இயக்கும் நெசவாளர் இரண்டைக் கையாள்வார். மூன்றாவதை வீசப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். நெடுங்காலம் அங்கே உட்கார்ந்தது பெரும்பாலும் ஒரு குழந்தை.

அந்த இருக்கையே நெசவின் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. அறுந்த இழையை முடிவதும், பாவின் இறுக்கத்தை விரலால் அறிவதும் அங்கேதான் கைவந்தன. ஆனால் அந்தப் பள்ளியில் எந்தக் குழந்தையும் விரும்பிச் சேரவில்லை. சொந்தப் பிள்ளையைக் குலத்தொழில் உட்கார வைத்தது. அயலார் பிள்ளையைப் பெற்றோர் வாங்கிய முன்பணம் உட்கார வைத்தது.

1953இல் ராஜாஜி அரசு கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. பள்ளிகளும் பணமும் போதாத காலத்தில் இரண்டு வேளைகளாகக் கூடுதல் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. பெரியாரும், காஞ்சிபுரத்தில் நெசவாளர் சமூகத்தில் பிறந்த அண்ணாவும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி விலகினார். காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. தொழிலைக் கையளிப்பதும் பிறப்பில் கட்டிவைப்பதும் ஒன்றாகிவிடக்கூடாது என்பதே அந்தப் போராட்டத்தின் சாரம்.

தறியடியில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தன. அதன் பிறகும், 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பள்ளியும் சத்துணவும் சட்டமும் சேர்ந்துதான் அந்த இருக்கையைச் சிறுகச் சிறுகக் காலி செய்தன.

இதற்கிடையே 1990களின் பிற்பகுதியிலிருந்து திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஆலைகள் எழுந்தன. மாதச் சம்பளம், வேலை நேரம், அழைத்துச் செல்லப் பேருந்து. ஆலை வேலையும் நிலையானதல்ல. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆனாலும் அங்கே உழைப்பவனுக்குத் தன் பெயரில் ஒரு சம்பளம் இருந்தது.

கோர்வை இருக்கைக்கு அப்படியொரு சம்பளம் இருந்ததில்லை. கூலி சேலைக் கணக்கில் நெசவாளருக்கு வரும்; துணையாளின் பங்கு அதிலிருந்தே பிரிய வேண்டும். குழந்தை உட்கார்ந்தவரை அந்தப் பங்கு மிகச் சிறியது. நாம் நியாயமென்று நினைத்துவந்த சேலை விலையில் இந்த மலிவும் கலந்திருந்தது. இன்று அதே இடத்தில் இருபது வயதுக்காரர் உட்கார வேண்டுமானால், தொழில் பழகும் காலத்திலும் அவர் குடும்பம் நடத்தக் கூலி வேண்டும். நெசவாளர் வீட்டில் பிறவாதவரும், பெண்களும் விரும்பி வரும்படி வாசல் திறந்திருக்க வேண்டும்.

இளைஞர்கள் கைத்தொழிலை விட்டு ஓடிவிட்டார்கள் என்று சொல்லுமுன், அதற்குள் அவர்களை யாரேனும் மரியாதையாக அழைத்தோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.