ஒரே விசை, இரண்டு மூச்சு

கோத்தகிரியை அடுத்த எங்கள் அரவேணுப் பக்கம் ஓடுகிற பிள்ளை வேறு, சுடுகிற பிள்ளை வேறு. ஓடுகிறவள் விளையாட்டு விழாவில் 1,500 மீட்டரில் முதலாவதாக வருவாள். சுடுகிறவள் என்.சி.சி. முகாமில் .22 துப்பாக்கியோடு தரையில் படுத்திருப்பாள். இரண்டையும் பனிச்சறுக்கின் மேல் ஒரே உடம்பில் சேர்த்துக் கேட்கும் ஆட்டம் பயத்லான். அதில் உலகை வென்ற ஜெர்மனியின் லாரா டால்மையரையும், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவனையும் ஒப்பிட்டுப் பார்த்தால், சுடுவது என்ற ஒரே வேலை எவ்வளவு வேறுபட்ட இரண்டு வேலைகள் என்பது விளங்கும்.

இளவேனிலின் களம் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். முதுகைத் தாங்கும் விறைப்பான மேலங்கி, தட்டையான காலணி, மூடிய அரங்கு, 75 நிமிடத்தில் 60 சுடல். இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள்ளும் 10.0 முதல் 10.9 வரை தரம் பிரிக்கிறார்கள். ஒரு குண்டு 10.6 ஆவதும் 9.8 ஆவதும் கண்ணுக்குத் தெரியாத அசைவால் வருவது. ஆகவே அங்கே பயிற்சி முழுவதும் உடம்பை அடக்குவதற்கே. இதயத் துடிப்பின் அதிர்வுகூடக் கணக்கில் வரும்.

டால்மையருக்கு அந்த வசதி கிடையாது. குறைந்தது மூன்றரை கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்துகொண்டு பனிச்சறுக்கில் ஏற்றம் ஏறி, நாடி நிமிடத்துக்கு 170, 180 என்று அடிக்கும்போது சுடுதளத்துக்குள் நுழைய வேண்டும். கைத்தடிகளைக் கீழே போட வேண்டும், துப்பாக்கியை இறக்க வேண்டும், குறிப்பார்வையில் பனி விழாமல் மூடியிருக்கும் மடிப்பைத் திறக்க வேண்டும், தோட்டா அடைப்பைச் செருக வேண்டும். பிறகு ஐந்து குண்டு. வந்து நின்றதிலிருந்து கிளம்புவது வரை அரை நிமிடம் போனால் அதிகம். 50 மீட்டர் தூரத்தில், படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு எலுமிச்சம்பழம். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். ஓடுகிற உடம்பை அடக்க நேரமில்லாததால், மார்பு ஏறி இறங்கும் ஒழுங்கைக் கண்டுபிடித்து அதற்குள் விசையை அழுத்த வேண்டும். அசையாமல் இருப்பதை விட அசைவோடு ஒத்துப்போவது கடினம் என்றே நான் நினைக்கிறேன்.

1993இல் பிறந்த டால்மையர் 2017இல் ஹோக்ஃபில்சன் உலகச் சாம்பியன்போட்டியில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். கலந்துகொண்ட ஆறு போட்டியிலும் பதக்கம். மறு ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் காற்று அலைக்கழித்த 7.5 கிலோமீட்டர் ஸ்பிரிண்டில் பத்துக்குப் பத்து வீழ்த்தித் தங்கம். அடுத்த துரத்தல் போட்டியான பர்சூட்டில் ஒரு குண்டு தவறியது. 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓடிவிட்டு வந்தும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் வென்ற முதல் பெண் அவர்தான். மூன்றாவதாக 15 கிலோமீட்டர் தனிநபர் போட்டி. அதிலும் ஒரே ஒரு குண்டுதான் தவறியது. ஆனால் அங்கே தண்டனை ஓட்டமாக இல்லை, முழு ஒரு நிமிடம். தங்கத்துக்கு 41 விநாடி பின்தங்கி வெண்கலம் பெற்றார். ஒரே அளவு பிழை; விதி மாறியதும் விளைவும் மாறிவிட்டது.

இளவேனிலின் அரங்கில் பிழையைக் காலால் ஈடுகட்ட வழியே இல்லை. 2019இல் ரியோ உலகக் கோப்பையிலும், அதே ஆண்டு புட்டியானில் நடந்த உலகக் கோப்பை இறுதியிலும் தங்கம் வென்று உலகத் தரவரிசையில் முதலிடம் ஏறியவர் அவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 16ஆவது இடம். 2024 பாரிஸில் ஐந்து தொடர்கள் வரை நிதானமாகவே போனார்: 105.8, 106.1, 104.4, 105.3, 105.3. ஆறாவது தொடரில் 103.8. மொத்தம் 630.7, பத்தாவது இடம். இறுதிக்குப் போவது எட்டுப் பேர். பத்துக் குண்டில் சுமார் ஒன்றரைப் புள்ளி நழுவியது, அவ்வளவே. அதைச் சாதாரணத் தோல்வி என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். அரை மில்லிமீட்டர் புள்ளியைத் தேடி 60 முறை நின்றவரை ஒரே வார்த்தையில் அளக்க முடியாது.

வயதை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. டால்மையர் 2019 மே மாதம், 25 வயதில், போட்டிக்கான முழு ஈடுபாடு இனித் தன்னிடம் இல்லை என்று சொல்லி விலகினார். மலை மீட்புப் பணியில் சேர்ந்தார், மலையேற்ற வழிகாட்டியாகச் சான்றிதழ் பெற்றார். 2025 ஜூலை 28இல் காரகோரத்தின் லைலா சிகரத்தில் சுமார் 5,700 மீட்டர் உயரத்தில் பாறை சரிந்து 31 வயதில் இறந்தார். தன் உடலை எடுக்க யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்று முன்பே எழுதி வைத்திருந்தார். பாரிஸில் ஏமாற்றம் அடைந்தபோது இளவேனிலுக்கு 25 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. அவர் விலகவில்லை. 2025 ஆகஸ்டில் ஷிம்கென்ட்டில் நடந்த ஆசியச் சாம்பியன்போட்டியில் 253.6 எடுத்துத் தங்கம் வென்றார். உச்சியில் நின்று விலகிய துணிவு பெரிதா, பத்தாவது இடத்திலிருந்து திரும்பி வந்த துணிவு பெரிதா என்றால், என் வாக்கு இளவேனிலுக்கு. விலகும்போது டால்மையரின் பெட்டியில் பதக்கங்கள் நிறைந்திருந்தன. இளவேனிலுக்கு ஒலிம்பிக் பதக்கம் இன்னும் பாக்கி.

டால்மையர் பிறந்த ஊரான கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹன் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டர் உயரம்தான். நம் கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து தேயிலைத் தோட்டச் சரிவு ஏறி வீடு போகும் பிள்ளைகளுக்கு நுரையீரல் பலம் தானாகவே வந்துவிடுகிறது. இங்கே மார்கழியில் உறைபனி படியும், சறுக்கும் பனி பெய்யாது. ஆனால் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு நடத்தும் டார்கெட் ஸ்பிரிண்டுக்குப் பனி தேவையே இல்லை: 400 மீட்டர் ஓட்டம், நின்றபடி ஏர் ரைஃபிளால் ஐந்து இலக்கு, மீண்டும் ஓட்டம். மலைப் பள்ளி ஒன்று ஒரு ஓட்டப்பாதையும் பத்து மீட்டர் சுடுதளமும் வைத்து, ஓடுகிறவளையும் சுடுகிறவளையும் ஒரே அணியில் சேர்த்து ஆரம்பிக்கலாம்.