தகர டப்பாவும் ரங்கூன் அரிசியும் அம்பத்தூர் சைக்கிளும்

அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அதை ஆரம்பித்தவர்கள் பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார். 1900-ல் பர்மாவில் லேவாதேவி தொடங்கிய குடும்பம் அது. நகரத்தாருக்குக் கடல் கடந்து அவ்வளவு பெரிய தொழில் எப்படி அமைந்தது? பிறர் சாப்பாடு மாறியதால்தான் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் டப்பாவில் அடைத்த இறைச்சி, மீன், பால் ஆகியவற்றுக்குப் பழகின. டப்பாவின் இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயப் பூச்சு வேண்டும். அந்த ஈயம் மலாயாவின் பேராக்கில், லாருட்டிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் கிடைத்தது. சுரங்கங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனக் குடும்பங்கள். 1879-ல் கோப்பெங்கில் சுரங்கக் கூலிகளுக்காக மருந்துக்கடை வைத்தவர் யூ கோங். அவர் மகன் யூ தோங் சென் பிற்காலத்தில் பெரிய ஈய முதலாளி.

குடும்பச் சுரங்கத்துக்கு ஒரு தொல்லை. இயந்திரம் வாங்கவும் ஈயம் விற்கும்வரை கூலி கொடுக்கவும் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் எளிதில் கதவைத் திறக்கவில்லை. செட்டியார்களின் கிட்டங்கி திறந்தது.

கூலிகள் சாப்பிட வேண்டுமே! சுரங்கத்தில் நெல் விளையாது. கீழ் பர்மாவின் ஐராவதி கழிமுகத்தில் காட்டை அழித்து வயலாக்கினார்கள். அதற்கும் கடன் கொடுத்தது பெரும்பாலும் கிட்டங்கிதான். ரங்கூன் அரிசி மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனது, சென்னைக்கும் வந்தது. கேழ்வரகுக் கூழ் குடித்த ஏழை வீடுகளுக்கு அரிசிச் சோறு எட்டிப் பார்த்ததில் இதற்கும் பங்குண்டு. (ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ் அந்தப் பழைய சாப்பாட்டின் மிச்சம்தான்.)

1912-க்குப் பிறகு மலாயாவில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் டிரெட்ஜ் இயந்திரங்களைக் கொண்டுவந்தன. அவ்வளவு முதல் போட ஒரு குடும்பத்தால் முடியுமா? 1920-களின் இறுதியில் உற்பத்தியில் சீனச் சுரங்கங்கள் பின்தங்கிவிட்டன. பர்மாவில் 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் வைத்திருந்த செட்டியார்களிடம் 1937-ல் 25 சதவீதம் இருந்தது. கேட்க லாபம் மாதிரி இருக்கிறது. உண்மையில் பணம் மண்ணில் சிக்கிக்கொண்டது, பர்மியரின் கோபமும் சேர்ந்தது. முருகப்பா குடும்பம் ஜப்பானியர் வருமுன்பே முதலை இந்தியாவுக்கு மாற்றிவிட்டது. எல்லோருக்கும் அந்த முன்யோசனை இல்லை.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, அரிசிக் கப்பல் நின்றது. 1943-ல் வங்கத்தில் பஞ்சம், சென்னையில் ரேஷன். சோறு மட்டுமே சாப்பாடு என்றிருந்தவர்கள் கோதுமையைச் சமைக்கக் கற்க வேண்டியிருந்தது. உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி 1952-ல்தான் நீக்கினார். 1965-ல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் கிடங்கு ஒன்று ஆவடியில், சைக்கிள் கம்பெனி இருந்த அதே ரயில் பாதையில் இருக்கிறது. வெளிமாநில அரிசி இன்று கப்பலில் அல்ல, சரக்கு ரயிலில் வருகிறது.